அரை மணி நேரம் கடலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்க்காரி. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்த மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து உள்ளே போக உடம்பில் தெம்பு இல்லை. அந்தக் கோடை விடுமுறையில்தான் அலைச்சறுக்கு கற்க இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேக்குப் புறப்பட்டேன்.

“புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பத்திலேயே கற்றுத் தருகிறார்களே?” என்று அக்கா கேட்டார். உண்மைதான். ஆனால் அங்கே போனால் மாலையில் வீடு திரும்பி உலை வைக்க வேண்டும். எனக்குத் தொலைவும் தேவைப்பட்டது.

கொழும்புவரை விமானம், அப்புறம் ஓர் இரவு முழுக்க பஸ். பொத்துவில்லில் இறங்கியதும் காதில் விழுந்தது தமிழ்! கற்றுத்தந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். நம் ஊர் டீச்சர் அங்கே ரீச்சர். முதல் நாள் அவன் பலகையைத் தொடவே விடவில்லை. “அரை மணி நேரம் கடலைப் பாருங்கள், ரீச்சர்” என்றான்.

பார்த்தேன். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, அறுகம்பே முனையைச் சுற்றி வளைகின்றன. ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தளர்கிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. முனையை ஒட்டி அது ஒரே பக்கமாகச் சீராக உடைந்துகொண்டே போவதால்தான் அந்த இடத்துக்கு இவ்வளவு பெயர். கரும்பலகையில் எத்தனையோ வளைகோடுகள் வரைந்திருக்கிறேன். கடலோரத்திலேயே பிறந்தும் இதை நான் கண்டதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையையும் எங்கள் தேவனாம்பட்டினத்தையும் அதே சுனாமி தாக்கியது. அதன்பின் கணுக்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதே இல்லை. அதனால் முதல் இரண்டு நாள் இடுப்பளவு நுரையிலேயே கழிந்தது. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே மூச்சில் எழ வேண்டும். எழுந்தேன், விழுந்தேன், மூக்கெல்லாம் உப்பு. “காலைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்” என்று கத்திக்கொண்டே இருந்தான் தம்பி. நான்காம் நாள் நின்றுவிட்டேன். ஐந்து விநாடி இருக்கும். அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு எங்கள் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்குப் போனேன். இரு பக்கமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சற்றுக் கருத்துக் கிடந்தது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று நம்பி ஒரு குடும்பம் அங்கேயே இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஏறிய நீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வழி அது. இறங்குகிறவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். ஓடிப்போய் அவர்களை மேலே அழைத்து வந்தேன்.

அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நேராக நீந்தி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மிதந்தபடியே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் அங்கேதான் இருக்கிறேன். பிள்ளைகளோடு வருகிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்கு முன் என்னோடு சற்று நேரம் மணலில் உட்காருங்கள். சேர்ந்து பார்ப்போம்.