பாடிக் கறக்கிற மாடும் பூட்டிக் கிடக்கிற பீரோவும்

(தேசிய நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். இருமலையும் மைக் கரகரத்த இடங்களையும் எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் பேசியபடிதான்.)

விழாவுக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தாமதமாக வந்த எங்களையெல்லாம் தலைகுனிய வைத்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே! வார்டு உறுப்பினர்களே! பந்தலும் நாற்காலியும் வாடகையில்லாமல் தந்திருக்கிற வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே! சுண்டலும் அவர் உபயம்தான் என்று இப்போது காதில் சொன்னார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வராது. மகளிர் சுய உதவிக்குழுத் தாய்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

நூலகர் தம்பியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். காலையில் கூட்டுவதும் அவர், புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவர், ஒட்டுப் போடுவதும் அவர், பூட்டிச் சாவியை எடுத்துப் போவதும் அவர். அவர் வாங்குகிற சம்பளத்தை இந்த மேடையில் சொன்னால் அவர் மாமனார் வீட்டில் சங்கடமாகிவிடும். விடுங்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். எனக்குப் போட்டீர்களே இந்தப் பொன்னாடை, இதே மாதிரி வீட்டில் ஒரு மூட்டை இருக்கிறது. கட்டவும் முடியாது, துடைக்கவும் முடியாது. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கி நூலகத்தில் வைத்துவிட்டு, "இன்னார் வந்தார், இது வாங்கினோம்" என்று முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். போதும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "வாங்கி வைத்த புத்தகங்களை எப்போது படிப்பது?" மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். படிக்காத புத்தகத்தை ஏன் வாங்குகிறோம் என்பது ஒன்று. வாங்கியதை ஏன் படிப்பதில்லை என்பது இரண்டு. கடைசியாக எப்படிப் படித்து முடிப்பது என்பது மூன்று.

முதல் செய்திக்கு அதிக நேரம் வேண்டாம். ஏன் வாங்குகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். 1977இல் சென்னையில் புத்தகக் காட்சி என்று ஒன்று தொடங்கினார்கள். இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா. பத்து சதவீதம் கழிவு. பை நிறைய வாங்கி, டெல்டா வெயிலில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறபோது இதையெல்லாம் படித்தே முடித்துவிட்ட மாதிரி ஒரு நிறைவு வருகிறது பாருங்கள், அதற்குத்தான் வாங்குகிறோம். அதில் தப்பில்லை. பதிப்பாளர் பிழைக்க வேண்டாமா?

இரண்டாவது, ஏன் படிப்பதில்லை. எங்கள் அப்பாயி ஒரு பழமொழி சொல்வார்கள். "பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற, ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற." என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இதைச் சொல்வேன், எனக்குத் தெரிந்ததிலேயே உருப்படியான விஷயம் இதுதான். வார இதழ்த் தொடர்கதையைப் படிக்கிற மாதிரியே பழைய உரையோடு கூடிய இலக்கியத்தையும் படிக்கப் பார்க்கிறோம். படுத்துக்கொண்டு, ஒரு கண் செல்போனில், ஒரு கண் புத்தகத்தில். நாலாம் பக்கத்தில் மாடு உதைக்கிறது. "இது நமக்கு ஏறாது" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அந்த மாட்டுக்கு என்ன பாட்டு என்று கேட்டோமா?

பீரோ என்றதும் எங்கள் பெரியப்பா நினைவு வருகிறார். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

பெரியப்பா கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்தவர். கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ, தேக்கு. மாஸ்கோவில் அச்சடித்து இங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததே, ரஷ்ய நாவல்கள், செங்கல் கனத்தில், அது ஒரு வரிசை. சங்க இலக்கிய உரைகள் ஒரு வரிசை. யார் வீட்டுக்கு வந்தாலும் பெரியப்பா பீரோ முன்னால் நிற்க வைப்பார். "எல்லாம் வாங்கிப் போட்டாச்சு. ரிட்டையர் ஆனதும் உட்கார்ந்துட வேண்டியதுதான்" என்பார். ரிட்டையர் ஆனார். உட்கார்ந்தார், டிவி முன்னால்.

2016 நவம்பர் 8. ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பிரதமர் பேசுகிறார். ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவிலிருந்து செல்லாது. பெரியப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, "நமக்கென்ன கவலை? நம்ம பணம் பூரா பேங்க்ல" என்கிறார். அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம். பெரியம்மா வெளியே வருகிறார்கள். முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

"ஏங்க, பீரோ சாவி எங்கே?"

"எந்த பீரோ?"

"புஸ்தக பீரோ."

"இந்நேரத்துல என்ன படிக்கப் போறே?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை. சாவியை வாங்கித் திறந்து, முதல் ரஷ்ய நாவலை எடுத்துத் தலைகீழாக உதறினார்கள். அதிலிருந்து நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு பொலபொலவென்று விழுந்தது.

பெரியப்பா எழுந்தே விட்டார். பெண்களே, நீங்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் இந்தக் கூட்டத்தில் பல பீரோக்கள் இருக்கும் போலிருக்கிறது! வருஷக்கணக்காகச் சேர்த்த சிறுவாட்டுப் பணம். அரிசிப் பானையில் வைத்தால் மருமகள் கண்ணில் படும். புடவை மடிப்பில் வைத்தால் சலவைக்குப் போய்விடும். இந்த வீட்டில் இந்த மனுஷன் கை சாகிற வரைக்கும் படாத இடம் எது என்று யோசித்திருக்கிறார்கள். கூட்டுறவு வங்கிச் செயலாளர் வீட்டுக்குள்ளேயே, அவருக்குத் தெரியாமல், தமிழிலக்கியத்தின் பெயரில் ஒரு வங்கி நடந்திருக்கிறது!

சிக்கல் என்னவென்றால், எந்தப் புத்தகத்தில் எவ்வளவு என்று பெரியம்மாவுக்கே மறந்துவிட்டது. ஆகவே ராத்திரி முழுக்க இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக உதறினார்கள். தூசியில் பெரியப்பாவுக்குத் தும்மல். உரைநூல் ஒன்றில் இராமபாணப் பூச்சி புகுந்து, அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராக ஒரு துளை போட்டிருந்தது. நடுவில் இருந்த ஆயிரம் ரூபாய் நோட்டிலும் அதே துளை. அந்தப் புத்தகத்தை முழுதாக முடித்தது அந்தப் பூச்சி மட்டும்தான்.

நடுராத்திரி தாண்டியிருக்கும். பெரியம்மா எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பாவிடம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், டியூப் லைட்டுக்குக் கீழே, உதற எடுத்த நாவலை மடியில் வைத்துக்கொண்டு மனுஷன் படித்துக்கொண்டிருக்கிறார். உதறுகிறபோது ஒரு வரி கண்ணில் பட்டிருக்கிறது, விட மனசில்லை. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து, 1983 என்று போட்டிருக்கிறது. பெரியம்மா மறுநாள் எங்கள் அம்மாவிடம் போனில் சொன்னார்கள்: "பணம் கிடைச்சுடுச்சு. மனுஷன்தான் போயிட்டார்."

இன்னும் ஒன்று. அந்தப் பணத்தைப் பெரியம்மா மாற்றிவிட்டார்கள். மாற்றிய பணத்தை இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை மறுபடியும் புத்தகத்தில்தானோ என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தில், மிச்சமிருந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்!

சிரித்தது போதும். மூன்றாவது செய்திக்கு வருகிறேன். அத்தனை வருஷம் திறக்காத பீரோ அன்றைக்கு ஏன் திறந்தது? அறிவு தாகமா? இல்லை. தேதி. டிசம்பர் 30க்குள் வங்கியில் கட்டியாக வேண்டும் என்று ஒரு தேதி இருந்தது. நம் வீட்டுப் புத்தகத்துக்குத் தேதி கிடையாது. இன்றைக்குப் படிக்காவிட்டால் நாளைக்கு, நாளைக்கு இல்லாவிட்டால் ரிட்டையர் ஆன பிறகு.

நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வயலட் மை, ரப்பர் முத்திரை, கொஞ்சம் கோணலாக விழுந்த தேதி. அந்தத் தேதி நம்மைப் படிக்க வைத்தது போல எந்த ஆசிரியரும் வைத்ததில்லை. நான் சிறுவயதில் படித்த எல்லாப் பெரிய புத்தகமும் "நாளன்னைக்குத் திருப்பிக் கொடுக்கணும்" என்ற பயத்தில் படித்ததுதான். ஆகவே என் யோசனை, வீட்டில் படிக்காமல் கிடப்பதில் பாதியை எடுத்துவந்து இந்த நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். நூலகர் தம்பி பதிவேட்டில் ஏற்றி எண் போடுவார். அப்புறம் நீங்களே உறுப்பினராகி அதே புத்தகத்தை இரவல் எடுங்கள். உங்கள் புத்தகம்தான், ஆனால் தேதி ஏறிவிட்டது. படித்தாக வேண்டும். நீங்கள் படிக்காவிட்டாலும் எதிர்வீட்டுப் பிள்ளை படிக்கும்.

நம் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சொன்னது இது. கணக்குப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். முதலில் வேலை பிடிக்கவில்லை, கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். அந்த மனிதர்தான் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். உங்கள் பீரோவில் கிடக்கிற நூலுக்கும் எங்கேயோ ஒரு வாசகர் இருக்கிறார், அது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்! மற்ற நான்கு விதிகளைப் பற்றியும் குறிப்பு வைத்திருக்கிறேன், நேரமிருந்தால் பிறகு சொல்கிறேன்.

அதே 1931 அக்டோபரில், மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக ஓட்டினார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வாசகன் நூலகத்துக்கு வரவில்லையா, நூலகம் அவன் வாசலுக்குப் போகட்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறப்பது என்றால் இதுதான். வண்டி ஓடிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் இன்றைக்கு என்ன செய்கிறோம்?

கடினமான புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1880இல் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரைப் பார்த்து சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்ட கதையை எல்லா மேடையிலும் சொல்வார்கள். நான் அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த பிரதி கைக்கு வந்துவிட்டது, ஆனால் படித்தால் விளங்கவில்லை. எவ்வளவு பெரிய தமிழ்ப் படிப்பு! அவருக்கே விளங்கவில்லை. என்ன செய்தார்? அதே ஊரில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே அந்த நூலைக் கூடி உட்கார்ந்து பொருள் சொல்லிப் படிக்கிற வழக்கம் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் அச்சில் வந்தது. ஏழு வருஷம். தனியாகப் படிக்க முடியாததைக் கூடிப் படிக்கலாம். நம் திரௌபதையம்மன் கோயில்களில் பாரதம் படித்தார்களே, ஒருவர் படிக்க ஊரே கேட்டதே, அது பாடிக் கறப்பது. நம் வாசகர் வட்டத்திலும் வாரம் ஒருநாள் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

எங்கே உட்கார்ந்து படிப்பது? நான் இன்றைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். நம் நூலகம் பகுதிநேர நூலகம். வேலைக்குப் போனவர்கள் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது கதவில் பூட்டு தொங்குகிறது. பள்ளிப் பிள்ளை டியூஷன் முடித்து வருகிறபோதும் பூட்டு. மழை பெய்தால் தென்மேற்கு மூலையில் வாளி. அலமாரியில் போட்டித்தேர்வுப் புத்தகம் பழைய பதிப்பு. இரவு எட்டு மணி வரை திறந்திருக்கிற முழுநேரக் கிளை நூலகமாக இதைத் தரம் உயர்த்த வேண்டும் என்று நான் கேட்காத இடமில்லை. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், கருமாதியிலும் கேட்டிருக்கிறேன்.

பிச்சை கேட்கவில்லை. சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நாம், 1948இல், அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், ரூபாய்க்குப் பத்து பைசா. உங்கள் ஒவ்வொருவரின் பணமும் அதில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு புத்தகமும் தொடாதவரும் கட்டியிருக்கிறார். அந்தப் பணம் வசூலான இடத்தில் தங்காமல் நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பல ஊர்களில் அது பாக்கி நிற்கிறது என்பது ஒன்றும் ரகசியமில்லை. பேரூராட்சித் தலைவர் அம்மா, நான் உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் பொறுப்பேற்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிற வியாதி இது. ஆனால் உங்கள் காலத்தில் தீர்ந்தது என்று நாங்கள் கல்வெட்டு வைக்கத் தயாராக இருக்கிறோம். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்றார்கள், இன்றைக்குப் பாடுகிறேன். நடக்கவில்லையென்றால் அடுத்த வருஷம் இதே மேடையில் ஆடுகிறேன். என் ஆட்டத்தைப் பார்க்கிற தண்டனை ஊருக்கு வேண்டாம்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "நேரமாகிறது, பட்டிமன்றக்காரர்கள் காத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார் ஐயா. ரங்கநாதனின் மற்ற நான்கு விதிகளை அடுத்த வருஷத்துக்கு ஒத்தி வைக்கிறேன். வாசலில் மேசை போட்டு ஒரு மனு வைத்திருக்கிறோம், மாவட்ட நூலக அலுவலருக்கு. தெளிவாகப் பெயர் எழுதி, தெரு பெயரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருகிறவர்கள் நூலகர் தம்பியிடம் ரசீது வாங்கிக்கொள்ளலாம். முதல் ரசீது தன் பெயரில் என்று வர்த்தகர் சங்கத் தலைவர் கையைத் தூக்குகிறார், தட்டுங்கள் கையை! சுண்டல் கையெழுத்து மேசைக்கு அந்தப் பக்கம்தான் கொடுக்கிறார்கள், அந்த ஏற்பாடு என்னுடையது. வணக்கம்.