உயர் நீதிமன்றம் எதுவரை போகலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர், தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிடுங்கள் என்று நாளைக்கே சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் என்ன தீர்ப்பு வரும்? வழக்கறிஞர் என்பதால் என்னிடம் பலர் இதைக் கேட்கிறார்கள். பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும் கேட்கிறார்கள். நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அந்த மனு தள்ளுபடி ஆகும்.

காரணம், 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்த தீர்ப்பு. திருமணம் செய்துகொள்வதை அரசமைப்புச் சட்டம் அடிப்படை உரிமையாகத் தரவில்லை என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழி தரும் சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் இல்லாவிட்டாலும், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களுக்கு ஏதோ ஒரு சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். மற்ற மூவர் அதற்கும் இசையவில்லை. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 141ஆவது பிரிவு. எவ்வளவு பரிவுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது.

சரி, அப்படியென்றால் உயர் நீதிமன்றம் போவதில் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு. திருமணம் என்ற ஒன்றைத் தவிர மற்ற பலவற்றை உயர் நீதிமன்றம் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஆட்கொணர்வு மனு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்திருந்தால் அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. 2025 மே மாதம் சென்னையில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் முன்பு அப்படி ஒரு மனு வந்தது. 25 வயதுப் பெண்ணைப் பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்திருப்பதாக அவருடைய தோழி தாக்கல் செய்தது. இந்த வழக்குகளில் பக்கம் பக்கமாக வாதம் இருக்காது. அந்தப் பெண்ணை முன்னால் அழைத்து, யாரோடு போக விரும்புகிறாய் என்று கேட்பார்கள். அவர் தோழியோடு போகிறேன் என்றார். வீட்டில் தன்னை அடித்ததையும், "சரியாக்க" வேண்டும் என்று சடங்குகள் செய்யவைத்ததையும் சொன்னார். தாயும் அங்கேதான் நின்றார், மகளைக் கெடுத்துவிட்டார்கள் என்ற ஆற்றாமையோடு. நீதிபதிகள் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, வயது வந்த பெண், அவர் விருப்பப்படி போகலாம் என்றார்கள். புகார் கொடுத்தும் அசையாமல் இருந்த காவல் துறையையும் கண்டித்தார்கள். திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அல்ல, இவர்கள் ஒரு குடும்பமாக வாழலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மீறாமலே சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். தன்பால் ஈர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்றும், காணவில்லை என்ற புகாரில் தேடிப் பிடிக்கிற இருவரும் வயது வந்து, சம்மதத்தோடு சேர்ந்து வாழ்பவர்கள் என்றால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார். வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் காவல் நிலைய பெஞ்சில் பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று.

இங்கே சுயமரியாதைத் திருமணத்தின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஐயர் இல்லாமல், ஹோமம் இல்லாமல், ஏழடி நடக்காமல், பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சொத்துத் தகராறு ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு திருமணம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 1953இல் நீதிமன்றம் என்ன சொன்னது? சாஸ்திரச் சடங்கும் இல்லை, வழக்கம் என்று ஏற்கும் அளவுக்குப் பழமையும் இல்லை, ஆகவே இது செல்லாது என்றது. ஊரறியச் சேர்ந்து வாழ்ந்தவர்களை, பிள்ளை பெற்று வளர்த்தவர்களைச் சட்டம் கணவன் மனைவி இல்லை என்றது.

அதை மாற்றியது எது? சட்டமன்றம். அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், மணமக்களுக்குப் புரிகிற மொழியில் உறுதி சொன்னால் போதும். மாலை மாற்றினால் போதும். மோதிரம் போட்டால் போதும். தாலி கட்டினாலும் சரி. அதற்கு முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். நீதிமன்றம் செல்லாது என்ற பிறகும் மக்கள் தொடர்ந்து அப்படியே மணம் செய்துகொண்டார்கள், சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. திரும்பவும் சொல்கிறேன், சட்டம் பின்னால்தான் வந்தது.

அதனால்தான் என் கண் சட்டமன்றத்தின் மேல் இருக்கிறது. திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியலில் இருப்பவை. மாநிலம் சட்டம் இயற்றலாம், அது மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967இல் நிறைவேற்றிய சட்டமும் அந்த ஒப்புதலோடுதான் வந்தது. 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்ப உறவு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள வழி செய்ய முடியுமா என்று பரிசீலிக்கும்படி தமிழ்நாடு அரசிடம் சொன்னார். திருமணத்துக்குக் குறைவான ஏற்பாடுதான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டுகிற படிவத்தில், "நோயாளிக்கு உறவுமுறை" என்ற கட்டத்துக்கு எதிரே பத்து வருடம் கூட வாழ்ந்தவர் என்ன எழுதுவார்? அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று இங்கே கை காட்டுகிறார்கள். திருநங்கையர் திருமணம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று 2019இலேயே மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம், இதற்குத் தடை இல்லை என்று மத்திய அரசே 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. அப்புறம் உயில். உயில் இல்லாவிட்டால் உங்கள் சொத்து பிறந்த வீட்டு உறவுகளுக்குத்தான் போகும், கூட வாழ்ந்தவருக்கு ஒன்றும் வராது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு உறவினர்கள் வழக்குப் போட்டால் அது கைகொடுக்கும். நன்றி, வணக்கம்.