தாடி வைத்தவரும் தாடி வளர்ப்பவரும்

அவையோர்க்கு வணக்கம். கோலாலம்பூரில் சிறுகதை எழுத முனையும் இளையோரிடம் ஆடவரின் மீசை தாடியை வருணிக்கும் சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அவருக்குத் தாடி இருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவும் கதைகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஆள் கண்முன் வரவில்லையே என்று மனம் வருந்துகிறது.

பெயர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அரும்பு மீசை, முறுக்கு மீசை, கடா மீசை, குறுந்தாடி, ஆட்டுத்தாடி, கிருதா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் தமிழின் நுட்பம் வினைச்சொற்களில்தான் கூடுதலாக வெளிப்படுகிறது என்பது என் துணிபு. ஒருவர் தாடி 'வைத்திருக்கிறார்' என்றால், அதை விரும்பி, சீராகக் கத்தரித்துப் பேணுகிறார் என்று பொருள்படும். தாடி 'வளர்க்கிறார்' என்றால் அதன் பின்னே ஒரு காரணம் இருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியேறி வேண்டுதலை நிறைவேற்றும்வரை சவரக்கத்தி படாமல் விரதம் காப்பவரை அப்படித்தான் சொல்கிறோம். தாடி 'மண்டிக் கிடக்கிறது' என்று எழுதினாலோ, நோயோ துயரமோ வேலையிழப்போ அவரைத் தம்மையே கவனிக்க முடியாதவராக்கிவிட்டது என்பதை வாசகர் தாமாகவே உணர்ந்துகொள்வார். மூவரின் தாடியும் ஒரே நீளமாகவே இருக்கலாம்.



இப்படிச் சுருங்கச் சொல்வதற்கு எடுத்துக்காட்டாகப் புறநானூற்றின் 83ஆம் பாடலைப் பாருங்கள். நக்கண்ணையார் தம் மனங்கவர்ந்த வீரனை 'மையணல் காளை' என்கிறார். அணல் என்பது தாடி. மை என்பது அதன் கருமை. அவனுடைய இளமையையும் மிடுக்கையும் அந்த அடைமொழி சட்டென்று காட்டிவிடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் முடிதிருத்தகம் ஒன்றில் சற்று நேரம் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேளுங்கள். "கிருதாவ ஏத்தவா, எறக்கவா?", "மீசைய ஒதுக்கிடவா?" என்று கடைக்காரர் கேட்பார், நாற்காலியில் இருப்பவர் நரையோடிய இரண்டு நாள் தாடியைப் புறங்கையால் சொரசொரவென்று தேய்த்தபடி யோசிப்பார். உங்கள் கதைமாந்தரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர் என்ன பதில் சொல்வார் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.