மேட்டு நிலத்துக்காரருக்குச் சேர வேண்டிய கூலி

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஆற்றையோ ஏரியையோ பொதுச்சொத்து என்கிறோம், சரி. ஆனால் அதில் வந்து சேர்கிற தண்ணீர் விழுந்து, ஓடி, ஊறி வருகிற நிலம் பெரும்பாலும் தனியாருடையது. ஒருவருடைய மக்காச்சோள வயல், இன்னொருவருடைய மேய்ச்சல் காடு. மேட்டில் இருப்பவர் என்ன செய்கிறாரோ அதுதான் பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக் குழாயில் வருகிறது. அவர் நமக்காகத் தன் நிலத்தில் ஒரு வேலை செய்தால், அல்லது ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால், அதற்கு உரிய பணம் அவர் கைக்குப் போயாக வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நிறைய இடங்களில் கோட்டை விடுகிறார்கள்.

ஓடைக்கரையில் மாடு மேய்கிற ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு தண்ணீர் குடிக்க ஓடையில் இறங்கும். கரை இடிந்து மண் கரையும். சாணமும் மூத்திரமும் நேராகத் தண்ணீரில் கலக்கும். இதற்குத் தீர்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரையை விட்டுத் தள்ளி வேலி போட வேண்டும், மேட்டில் ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டிக் குழாய் இழுக்க வேண்டும், வேலிக்கும் ஓடைக்கும் நடுவில் மரமும் புல்லும் வளர விட வேண்டும். கம்பி, தூண், தொட்டி, பம்ப் எல்லாம் ஒரு தடவைச் செலவு, பல அரசுத் திட்டங்கள் கணக்குப் போடுவதும் இதை மட்டும்தான். அப்புறம் என்ன ஆகிறது? வேலிக்கு அந்தப் பக்கம் போன நிலத்தில் இனி மேய்ச்சல் கிடையாது, அந்தப் புல்லுக்குப் பதிலாக வருஷா வருஷம் தீவனம் வாங்க வேண்டும், வெள்ளம் வந்தால் வேலி சாயும், அதை நிமிர்த்துவதும் அவர் தலையில்தான். இந்தத் தொடர் நஷ்டத்தை ஈடுகட்டாமல், வேலிக்கு மட்டும் பாதிப் பணம் கொடுத்துவிட்டு, விவசாயிக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

நைட்ரேட் கதை இன்னும் சிக்கல். பயிர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சுகிற உரம், நைட்ரேட் என்ற உப்பாக, அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும்போது மழையோடு சேர்ந்து நிலத்தடிக்கு இறங்குகிறது. தண்ணீரைக் காய்ச்சினால் அது போகாது, நீர் ஆவியாக ஆக அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடம்பு நீலம் பாரித்துவிடும்.

பிரான்சில் விட்டெல் நீரூற்றைச் சுற்றி இதே பிரச்சினைதான் 1980களின் கடைசியில் வந்தது. தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனம் அங்கே இருந்த விவசாயிகளோடு உட்கார்ந்து பேசியது, ஆராய்ச்சியாளர்களை வைத்து அவர்கள் பண்ணைகளைப் படித்தது. உடன்பாடு வர ஏறத்தாழ பத்து வருஷம் பிடித்தது. மக்காச்சோளம் வேண்டாம், எருவை மக்கவைத்துத்தான் போட வேண்டும், நிலத்தின் அளவுக்கு ஏற்ற எண்ணிக்கைக்கு மேல் மாடு வைக்கக் கூடாது. பதிலுக்கு, முதல் ஐந்து வருஷம் ஹெக்டேருக்கு வருஷம் சுமார் 200 யூரோ, கொட்டகைக்கும் கருவிகளுக்கும் பண்ணைக்கு 1,50,000 யூரோ வரை, 18 அல்லது 30 வருஷ ஒப்பந்தம். மக்கிய எருவை வயலில் இறைக்கும் வேலையைக்கூட நிறுவனமே ஆள் வைத்து இலவசமாகச் செய்து கொடுத்தது. பணத்தோடு வேலைப்பளுவையும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் என்னைக் கவர்ந்தது.

நியூயார்க் கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். 1989-ல் அமெரிக்காவில் ஆறு, ஏரித் தண்ணீரை வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும், மூலம் சுத்தமாக இருப்பதை நிரூபித்தால் மட்டும் விலக்கு என்று விதி வந்தது. நியூயார்க் நகரத்துக்குத் தண்ணீர் வரும் கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து நீருக்கு வடிகட்டும் நிலையம் கட்டினால் 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நகரம் முதலில் மேட்டு விவசாயிகள் மீது கட்டுப்பாடுகளைத் திணிக்கப் பார்த்தது, அவர்கள் கொதித்துப் போனார்கள். அப்புறம்தான் இரண்டு பக்கமும் ஒரு வழிக்கு வந்தார்கள்: சேருவது அவரவர் விருப்பம், திட்டத்தை நடத்துவது விவசாயிகளே இருக்கும் குழு, செலவு நகரத்துடையது, ஆனால் ஐந்து வருஷத்தில் 85 சதவீதப் பண்ணைகள் சேர்ந்தாக வேண்டும். அந்த இலக்கைத் தாண்டியே சேர்ந்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். கன்றுக்குட்டியின் சாணத்தில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினுக்கு அசையாது என்பதால், கன்றுகளுக்கு உலர்ந்த, காற்றோட்டமான தனிக் கொட்டகை கட்டிக் கொடுப்பதும் அதில் வந்தது. ஒரு பெரிய நகரத்தின் தண்ணீர், ஒரு கன்றுக்குட்டி எங்கே படுக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அசுத்தம் பண்ணுகிறவருக்கே பணமா? சட்டம் தடுத்திருப்பதைச் செய்தால் அபராதம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சட்டம் கேட்காததை நாம் கேட்கும்போது பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மாய்ன் நகரக் குடிநீர் வாரியம், ஆற்றில் நைட்ரேட் ஏறுகிறது என்று மேல்பகுதி வடிகால் மாவட்டங்கள் (வயல்களின் வடிகாலை நிர்வகிக்கும் அமைப்புகள்) மீது 2015-ல் வழக்குப் போட்டது. 2017-ல் வழக்கு தள்ளுபடியானது. இரண்டு வருஷம் போச்சு, உறவும் கெட்டது, நைட்ரேட்டை நீக்கும் செலவு குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்டுகிறவர்களிடமே நின்றது.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். எக்வடாரில் கீட்டோ நகரம் 2000-ல், தண்ணீர் வரும் நிலங்களைக் காக்க ஒரு தண்ணீர் நிதி தொடங்கியது, குடிநீர் நிறுவனத்தின் வருமானத்தில் 2 சதவீதம் அதற்குப் போகிறது. கோஸ்டாரிகா 1996-ல் சட்டம் போட்டு, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டைக் காக்கும் நிலத்துக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம், நிலப் பாதுகாப்புத் திட்டப் பணத்தில் குறைந்தது 10 சதவீதம் குடிநீர் மூலங்களுக்கு என்று ஒதுக்கியது, அதற்கான வேலைகளுக்குச் செலவில் 90 சதவீதம் வரைகூடக் கொடுக்கலாம் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் சில திட்டங்களில் கைக்காசைப் போட்டு வேலையை முடித்து, ரசீது காட்டிய பிறகுதான் பணம் வரும். முதல் ரூபாய் கையில் இல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார். முன்பணம் இல்லாத திட்டம் வசதி உள்ளவருக்குத்தான் உதவும்.

கையெழுத்துப் போடும் முன் நிலத்துக்காரர்கள் தயவுசெய்து சில வரிகளைத் தேடிப் படியுங்கள். எத்தனை வருஷம்? நிலத்தை விற்றால் ஒப்பந்தம் வாங்குகிறவர் மேல் போகுமா? நடுவில் விலகினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? கிடைக்கிற தொகைக்கு வருமான வரி உண்டா? கட்டடம் கட்டும் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் பத்திரமாக இருந்தால், அது பேரப்பிள்ளை வரை கட்டுப்படுத்தும், வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போடுங்கள்.

திட்டம் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நிறைய நிலத்தில் உழுகிறவர் வேறு, பட்டா வைத்திருப்பவர் வேறு. வேலி போட்டதும் பணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது, மேய்ச்சல் நிலம் குத்தகைக்காரருக்குக் குறைகிறது, குத்தகைத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. ஒப்பந்தப் படிவத்தில் குத்தகைக்காரருக்கும் ஒரு கையெழுத்து இடமும், ஒரு பங்கும் இன்றே சேர்த்துவிடுங்கள்.