காறிப்போன எண்ணெயும் மறக்கும் மூளையும்

அவையோருக்கு வணக்கம்.

உடைத்து வைத்த மல்லாட்டைப் பருப்பை டப்பாவில் நான்கு மாதம் மறந்துவிட்டால் என்ன ஆகும்? வாயில் போட்டதுமே காறுகிறது என்று துப்பிவிடுவோம். பருப்பின் கொழுப்போடு ஆக்சிஜன் சேர்ந்து ஒரு மூலக்கூறு கெடுகிறது. அது பக்கத்து மூலக்கூறைக் கெடுக்கிறது. இப்படிச் சங்கிலியாகப் பரவுவதுதான் காறல். இதே வேலை மூளைக்குள் நடந்தால் அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே செலவழிக்கிறது. எளிதில் காறக்கூடிய கொழுப்பு நரம்பணுச் சவ்வில் நிறைய இருக்கிறது. காறலை அடக்கும் நொதிகளோ அங்கே குறைவு. நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் செம்பு, இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைக்கிறது.

இனி கொலஸ்ட்ரால். ரத்தத்தில் கூடினால் அப்படியே மூளையில் போய்ப் படியுமா என்று பலர் கேட்கிறார்கள். படியாது. உடலின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு மூளையில் இருக்கிறது. அது மூளை தனக்குத் தானே செய்துகொண்டது. ரத்தத்தின் எல்டிஎல், அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’, மூளைக்குக் காவலாக நிற்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. ஆனால் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் என்ற பொருள் தாண்டும். ரத்தக் கொலஸ்ட்ரால் ஏறினால் இதுவும் ஏறும். வாசல் வழியே வராதவன் பலகணி வழியே நுழைகிற கதைதான். இது போக, ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, மூளைக்குப் போகும் ஓட்டத்தைக் குறைக்கிறது.

மூளைக்குள் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்வது அப்போஈ என்ற புரதம். அதன் மரபணுவில் இ4 வகை ஒன்று இருந்தாலே அல்சைமர் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும் என்பது 1993இலிருந்து தெரிந்த செய்தி. இ4 இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. இல்லாதவருக்கும் வருகிறது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக நடுவயதின் உயர்ந்த எல்டிஎல்லைச் சேர்த்தது. நடுவயது என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 75 வயதில் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கிறதென்று நிம்மதி அடைய முடியாது. நோய் தெரியுமுன்பே எடையும் கொலஸ்ட்ராலும் தானாக இறங்குவது உண்டு. நோய் வந்த பிறகு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நினைவு திரும்பவில்லை. அதற்காக இதயத்துக்கு எழுதிக்கொடுத்த ஸ்டாட்டினை நிறுத்திவிடாதீர்கள்! அதன் வேலை வேறு.

வைட்டமின் ஈ கேப்சூலும் அப்படித்தான். 2014இல் வெளிவந்த ஆய்வில் அல்சைமர் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 2000 யூனிட் கொடுத்தார்கள். அன்றாட வேலைகளில் சரிவு சற்று மெதுவானது, நினைவு மேம்படவில்லை. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் இந்த அளவைத் தானாக எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம்.

நாற்பதிலேயே வெறும் வயிற்றில் லிப்பிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரையும் பாருங்கள். எண்ணெயில் கவனம் வேண்டும். பஜ்ஜி போட்ட எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரைத்து, வாணலி விளிம்பில் கோந்து போல ஒட்டினால் அது கொட்டவேண்டிய எண்ணெய். புது எண்ணெயை அதில் கலந்தால் புதுசும் சீக்கிரம் கெடும். வீட்டில் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவானால் அது அதிகம். ஆற்காடு மக்கன் பேடாவை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறதி எல்லாம் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியாக வரும். கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். அதனால் டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே இருப்பவர் ஒருவர் வரட்டும். மறதி எந்த மாதம் தொடங்கியது, கணக்கில் தடுமாற்றமா, பழகிய தெருவில் வழி தவறியதா என்று தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.