வரப்பு மேலேதான்: நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்?

[காட்சி: இரவு. தோட்டத்தில் போர் வண்டி ஓடுகிறது.]

வணக்கம். இந்த போர் வண்டியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அறுநூறு அடி தாண்டியாயிற்று, வெளியே வருவது வெறும் வெள்ளைப் புழுதி. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டே போகிறது. விவசாயி அந்தப் புழுதியைக் கையில் அள்ளி, ஈரம் தட்டுகிறதா என்று பிசைந்து பார்க்கிறார். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு எப்போதோ வற்றிவிட்டது.

கீழே இருக்கும் தண்ணீர் யாருடையது? நிலம் யாருடையதோ, அவர் இறைத்துக்கொள்ளலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். அது முதலில் அமலுக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. மாடு பூட்டிக் கவலையில் இறைத்த காலத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு ஜோடி மாடு எவ்வளவுதான் இறைத்துவிடும்? சப்மர்சிபிள் மோட்டார் வந்த பிறகு கதையே மாறிப்போனது. வரப்பு மேலேதான் இருக்கிறது, கீழே கிடையாது.

[காட்சி: கோடையில் மெலிந்து ஓடும் ஆறு, கரையோரக் கிணறுகள்.]

சரி, டெல்லியில் யார் பார்க்கிறார்கள்? ஆறு, அணைக்கு 1945-ல் தொடங்கிய மத்திய நீர் ஆணையம். நிலத்தடி நீருக்கு 1970-ல் அமைந்த மத்திய நிலத்தடி நீர் வாரியம். ஆனால் கோடையில் பல ஆறுகளில் ஓடுவதே நிலத்தடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர்தான். கிணறுகளில் அளவில்லாமல் இறைத்தால் ஆறும் சேர்ந்தே வற்றும். அந்த ஆணையத்தையும் வாரியத்தையும் இணைத்து தேசிய நீர் ஆணையம் அமைக்கலாம் என்று 2016-ல் மத்திய அரசு அமைத்த மிகிர் ஷா குழு சொன்னது. 2019-ல் தண்ணீருக்கான இரண்டு அமைச்சகங்களைச் சேர்த்து ஜல் சக்தி அமைச்சகம் வந்தது. அமைச்சகங்கள் இணைந்தன, ஆணையமும் வாரியமும் இணையவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களுக்கும் பொறுப்பு உண்டு. தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது, 2013-ல் அதை ரத்து செய்தது.

[காட்சி: மகாராஷ்டிரம், ஹிவ்ரே பஜார்.]

மழை குறைந்த இந்த ஊரில் வருடா வருடம் பெய்த மழையை அளந்து, கிராம சபையில் கணக்குப் போடுகிறார்கள். முதலில் குடிக்க, அடுத்து ஆடு மாடுகளுக்கு. மிச்சத்தை வைத்துத்தான் என்ன பயிர் என்று முடிவாகும். பாசனத்துக்கு போர் போடக் கூடாது, கரும்புக்கும் இடமில்லை. ஊரே கூடி எடுத்த முடிவு என்பதால் அது நிற்கிறது.

ஆனால் கிராம சபைத் தீர்மானம் ஊர் எல்லையோடு முடிந்துவிடும், நிலத்தடி நீர் எல்லை தாண்டி ஓடும். அதனால்தான் 1882-ன் விதி மாற வேண்டும் என்கிறேன். நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்லட்டும். நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் ஒரே நீர்த்தாங்கிப் பாறையைப் பங்கிடும் ஊர்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடவும், போட்ட கணக்கை அமல்படுத்தவும் அந்தச் சட்டமே அதிகாரம் தரட்டும்.