ஐடிலிங் ஏறி இறங்குதா? ஈசிஎம் மேல கை வெக்காதீங்க

நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, 2003 மாடல் எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார். நின்னா ஐடிலிங் ஏறி ஏறி இறங்குது. ஐடில் வால்வ் புதுசு போட்டும் போகல. ஈசிஎம் மாத்தணும்ங்கறாங்க, மாத்தலாமா?" இதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. புதுசா படிக்கறவங்களுக்கு: ஐடிலிங்னா ஆக்ஸிலேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடுற ஓட்டம், அதுக்குக் காத்து விடுறது ஐடில் வால்வ். எம்பிஎஃப்ஐன்னா இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் பீச்சுற வண்டி, எவ்வளவு பீச்சணும்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர்தான் ஈசிஎம்.

மாத்தாதீங்க தம்பி. இன்ஜினுக்குக் காத்து போற வாசல் த்ராட்டில் பாடி, அதப் பத்தின என் பழைய வீடியோவுலயே சொன்னேன், இப்படி ஆனா வண்டி எங்கயோ ஏர் புடிக்குது. ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்காமலே காத்து உள்ள போனா ஆர்பிஎம், அதான் இன்ஜின் சுத்துற வேகம், ஏறத்தான் செய்யும். ஈசிஎம் பாக்குது: கால் இல்ல, ஆர்பிஎம் மட்டும் மேல நிக்குது. சரி, வண்டி இறக்கத்துல உருளுதுன்னு எடுத்துக்கிட்டு பெட்ரோல நிறுத்துது. ஆர்பிஎம் விழுது. விழுந்ததும் பெட்ரோல் விடுது, மறுபடி ஏறுது. அதோட வேலைய அது சரியா செய்யுது. திரும்பச் சொல்றேன், சரியா செய்யுது!

வேக்கம் கேஜ் (இன்ஜின் உறிஞ்சுற வேகத்தைக் காட்டுற மீட்டர்) இருந்தா மேனிஃபோல்ட்ல, அதான் இன்ஜினுக்குக் காத்து போற குழாயில, மாட்டுங்க. நம்ம கடலூர் கடல் மட்டத்து ஊரு, ஐடிலிங்ல 17ல இருந்து 21 இன்ச் (பாதரச அளவுல) வரைக்கும் முள்ளு ஆடாம நிக்கணும். அதே இன்ஜின் ஊட்டியில ஆறேழு இன்ச் கம்மியா காட்டும், அது வேற கதை.

கேஜ் இல்லையா? பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள்ள இருந்து புகை திரும்பி வர்ற ஹோஸ்), கேனிஸ்டர் ஹோஸ் (டேங்க் பெட்ரோல் ஆவி வர்ற ஹோஸ்), ஒண்ணொண்ணா மேனிஃபோல்ட் பக்கம் கழட்டி, அந்த வாயைக் கட்டைவிரலால அடைங்க. எதை அடைச்சா ஐடிலிங் அடங்குதோ அந்த லைன்தான். பிசிவி ஹோஸ் மேலருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கும். வளைச்சு அடிப்பக்கம் நகத்தை ஓட்டுங்க, வெடிப்பு வாயத் தொறக்கும். மேனிஃபோல்ட் பேக்கிங், இன்ஜெக்டர் ஓரிங் சந்தேகம்னா சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, சத்தம் மாறும். சூடான இன்ஜின்ல கார்ப் கிளீனர் அடிக்காதீங்க, சைலன்சர் பக்கம் பட்டா குப்புனு புடிச்சுக்கும்.

தவளக்குப்பத்துல இருந்து ஒரு வண்டி வந்துச்சு. பிரேக் மிதிச்சா மட்டும் உஸ்ஸுன்னு சத்தம், ஐடிலிங்கும் மாறுது. பாத்தா பூஸ்டர் டயாஃப்ரம், அதான் பிரேக்க லேசாக்குற பூஸ்டருக்குள்ள இருக்கற ரப்பர் தடுப்பு, கிழிஞ்சிருக்கு. அவங்க வந்தது ஐடிலிங்குக்காக. பிரேக் கட்டையா இருக்கறத யாரும் சொல்லவே இல்ல! தம்பி, நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது இதுதான். அந்தத் தடிச்ச பூஸ்டர் ஹோஸும் அதே மேனிஃபோல்ட்லதான் மாட்டியிருக்கு.

இன்ஜின நிறுத்திட்டு பிரேக்க நாலஞ்சு தடவ மிதிங்க. கட்டையாகும். கால எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் தானா கொஞ்சம் கீழ எறங்கணும். எறங்கலன்னா ஹோஸ், செக் வால்வ் (காத்த ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வ்), பூஸ்டர் மூணையும் பாக்கணும். ஹோஸ் மாத்துனா வேக்கத்துக்குன்னே உள்ள கெட்டி ஹோஸா கேட்டு வாங்குங்க, சாதா ஹோஸ் உறிஞ்சுற வேகத்துல சப்பிப் போயிடும். அது சரியாகற வரைக்கும் வண்டிய ஈசிஆர் பக்கம் எடுக்காதீங்க.